குவாபாராவின் மூன்றாவது மூக்கு

திரையில் வந்த படத்தில் குவாபாராவுக்கு இரண்டு மூக்குகள் இருந்தன.

செகாவா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டேதான். ஜப்பானில் மட்சுயே நகரத்தின் அந்தச் சின்ன மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவர் அவர். குழாய்க்குள் படுத்திருப்பவரின் தலை இம்மி அசைந்தாலும் படம் இப்படி இழுவிக்கொள்ளும்.

படுத்திருந்தவரோ வெந்நீர் ஊற்று விடுதி நடத்துபவர். விருந்தாளியின் கார் தெருமுனையில் மறையும்வரை வாசலில் குனிந்தே நிற்கிற மனிதர். சமீபத்தில் அப்படிக் குனிந்தவர் தலைசுற்றி அங்கேயே விழுந்துவிட்டார். மூளையில் கட்டியாக இருக்குமோ என்று டாக்டர் தொகுராவுக்குச் சந்தேகம். டாக்டருக்கு மதியம் ரயில். அதற்குள் தெளிவான படம் வராவிட்டால், அவர் திரும்பி வரும்வரை குவாபாரா குடும்பத்தோடு பயந்துகொண்டு கிடக்க வேண்டியதுதான். செகாவாவுக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய கல்யாண விருந்தே அந்த விடுதியில்தான் நடந்தது.

மைக்கின் பக்கம் குனிந்து சொன்னார்: "குவாபாரா-சான், தயவுசெஞ்சு தலைய ஆட்டாதீங்க."

"சரிங்க, மன்னிச்சுக்குங்க." குரலோடு தலையும் ஆடியது.

"பாருங்க, இப்பக்கூட ஆட்டுறீங்க."

"அட, ஆமாங்க." மறுபடி ஆடியது.

செகாவா உள்ளே போய்த் தலைக்கு இருபுறமும் ஸ்பாஞ்சைத் திணித்தார். பயத்தில்தான் அசைகிறாரோ என்னவோ என்று, முகத்துக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியையும் இன்னும் வாகாகத் திருப்பி வைத்தார். "இதுல பாத்தீங்கன்னா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நான் தெரிவேன். என்னையே பாத்துக்கிட்டிருங்க. பயமே வராது."

"இப்ப முழுசாவே தெரியிறீங்க," என்றார் குவாபாரா நன்றியோடு.

இயந்திரம் தடதடக்க ஆரம்பித்தது. பாதியில் தொலைபேசி அடித்தது.

"என்னய்யா படம் அனுப்பியிருக்கே? அந்தாளுக்கு ரெண்டு மூக்கா?" டாக்டர்தான்.

"மன்னிக்கணும் டாக்டர்." செகாவா இடுப்பை மடித்தார். வளையாமல் மன்னிப்புக் கேட்க அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. "உடனே சரி பண்ணிடறேன் டாக்டர். ரொம்ப ரொம்ப மன்னிக்கணும்."

வந்த படத்தில் மூக்கு மூன்று.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துகொண்டிருந்தது. செகாவா நெற்றிக்கு ஒரு பட்டை போட்டுக் கட்டினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க. என்னைப் போய் இவ்வளவு மரியாதையா நடத்துறீங்களே, எனக்கே கூச்சமா இருக்கு."

எவ்வளவு நல்ல மனிதர், இவருக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று செகாவா உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். அடுத்த ஸ்கேனிலும் டாக்டர் கூப்பிட்டார். திட்டு ஏற ஏற மன்னிப்பும் ஏறியது. கடைசி மன்னிப்பில் செகாவாவின் நெற்றி மேசையில் இடித்தது. படமோ கரண்டியால் கிளறிய டோஃபு மாதிரி வந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார் டாக்டர். "எனக்காக ரயில் நிக்காது."

செகாவா அடுத்த ஸ்கேனுக்கான எண்களைச் சரிபார்த்தார். அதற்குள் குவாபாராவின் போர்வையைச் சரிசெய்யப் போன நர்ஸ் ஒரிஹாரா அவரிடம் ஏதோ குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார். வந்தவர் நேராக ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"ஏங்க மூடுறீங்க? நான் அவரைப் பாக்க வேணாமா?"

"கேமராவுல பாருங்க, செகாவா-சான்."

வாதாட நேரமில்லை. செகாவா பொத்தானை அழுத்தினார். நடுவில் டாக்டர் கூப்பிட்டார். வழக்கம்போல் மன்னிப்பும் கேட்டாயிற்று. படம் வந்தது. மூக்கு ஒன்றே ஒன்று. மூளையின் மடிப்பெல்லாம் வரைந்து வைத்தது போல் தெளிவாக இருந்தது.

சற்று நேரத்தில் டாக்டரே மறுபடி பேசினார். "கட்டி கிட்டி ஒண்ணுமில்ல. இது காதுக்குள்ள இருக்கிற கோளாறாத்தான் இருக்கணும். மாத்திரையில சரியாப் போயிடும், வீட்டுக்குப் போகச் சொல்லு."

செகாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

"எப்படியோ, கடைசியில மனுஷன் அசையாம படுத்துட்டாரு."

"அவரா அசைஞ்சாரு?" என்றார் ஒரிஹாரா. "நீங்க மைக்குக்கும் போனுக்கும் குனிஞ்சு குனிஞ்சு நிமிர்ந்ததெல்லாம் தனக்குத்தான்னு நெனச்சு, கண்ணாடியில பாத்துத் தலையாலயே பதில் வணக்கம் வெச்சே பாவம், கழுத்து விட்டுப்போச்சாம்."