மார்னி எப்போது ஆரம்பித்தாள்?

"எட்டாம் கிளாஸ்லயே ஆரம்பிச்சிருக்கணும்! அன்னிக்கே சொன்னேன்!"

"எங்க சொன்னே?"

"மனசுக்குள்ள சொன்னேன், வெர்ன்! புருஷன்னு இருந்தா அது கேக்க வேணாமா?"

கோரின் டிரெஸ்லரின் குரல் சமையலறை ஜன்னலைத் தாண்டித் தெருக்கோடி வரை வந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த வீட்டிலிருந்து எல்லாமே வெளியே வரும். வெர்ன் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பான். ஏழு வயது பிப், கேக் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு மேளம் அடிப்பாள். பிஸ்கட் என்கிற நாய் இருவருக்கும் பதில் சொல்லும். இத்தனைக்கும் நடுவில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூத்தவள் மார்னி படிப்பாள். பள்ளிக்கூட வாசலை அவள் மிதித்ததில்லை. அம்மாதான் டீச்சர், அம்மாதான் ஹெட்மிஸ்ட்ரஸ், மத்தியானம் சாண்ட்விச் கொடுப்பதும் அம்மாதான்.

சண்டையைக் கிளப்பிவிட்டவள் நடீன் புரூயிட். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் அம்மாக்கள் வியாழக்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். அங்கே ராணி அவள்தான். புருஷன் இல்லை, ஒரே மகன், வீணாய்ப்போகாத நிமிடங்கள்.

"எங்க பிரெஸ்டன் காலேஜ் நுழைவுத்தேர்வுக்குப் பன்னிரண்டு வயசுலயே படிக்க உக்காந்தான். உங்க மார்னி எப்போ ஆரம்பிச்சா, கண்ணு?"

"போன செவ்வாய்க்கிழமை" என்றாள் கோரின்.

கூட்டத்தில் ஒருத்தி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். துக்க வீட்டில் தட்டுவார்களே, அப்படி.

மார்னிக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. நல்ல மதிப்பெண் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகம் உதவித்தொகை தரும். வராவிட்டால் அப்பாவோடு கொட்டகையில் பிளேடு தீட்டலாம். தேர்வுக்கு இன்னும் இரண்டரை மாதம்தான்.

"நம்ம வீட்டுல ஒரு மாதிரித் தேர்வு எழுதட்டுமே" என்று பெரிய மனசு பண்ணினாள் நடீன். அவள் வீட்டில் கடிகாரம்கூட மூச்சுவிடாமல் ஓடும். மார்னி எழுதினாள். பாதிக்குமேல் தப்பு.

"அங்க சத்தமே இல்லம்மா. என் வயித்துக்குள்ள நடக்கறது எனக்கே கேட்டுது. அதையே கேட்டுட்டு இருந்துட்டேன்."

கோரினுக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. பெண்ணுக்கு அமைதி பழகவில்லை, பழக்க வேண்டும்.

மறுநாளே கேக் தட்டுகள் அலமாரியில் பூட்டப்பட்டன. பிஸ்கட் அத்தை வீட்டுக்குப் போனது. துணி உலர்த்தும் இயந்திரம் கடகடக்கும் என்று நிறுத்தப்பட்டதில், வெர்ன் ஈரச் சட்டையோடு தும்மிக்கொண்டு திரிந்தான். தும்மலையும் வாசலில் போய்ப் போடச் சொன்னாள். கொட்டகைக்கும் தடை. வசந்தம் பிறந்து ஊர் முழுக்கப் புல் முளைத்த நேரம்! முற்றத்தில் புல்வெட்டிகள் வரிசைகட்டி நின்றன. சொந்தக்காரர்கள் வந்து கத்த, கோரின் உதட்டில் விரல் வைத்து அவர்களை விரட்டினாள்.

அடுத்த மாதிரித் தேர்வில் மதிப்பெண் இன்னும் இறங்கியது.

கோரின் மகள் காதில் பஞ்சு அடைத்தாள். "இப்போ இதயம் வேற அடிக்குதும்மா" என்றாள் மார்னி.

கடைசியில் கோரின், கொல்லைப்புறத்தில் சூறாவளிக்கு ஒளிந்துகொள்ளும் நிலவறையில் மேசையும் விளக்கும் போட்டாள். தினமும் காலையில் பெண்ணை உள்ளே அனுப்பி, மேலே கதவைச் சாத்தி, காற்றில் படபடக்காமல் இருக்கத் தாழ்ப்பாளும் போட்டாள்.

பள்ளிக்கூடம் போகாத பெண், நிலவறை, தாழ்ப்பாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் போய்விட்டது. போட்டது யார் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

வந்த போலீஸ் அதிகாரி வாசல் கதவை ஓங்கித் தட்டினார்.

"மெதுவா... மெதுவா..." என்று கிசுகிசுத்தாள் கோரின்.

"ஏம்மா கிசுகிசுக்கறீங்க?"

"பொண்ணு கீழ இருக்கா."

"எத்தனை நாளா?"

"எட்டாம் கிளாஸ்லயே ஆரம்பிச்சிருக்கணும் சார், தப்பு பண்ணிட்டோம்."

அவர் கை இடுப்பில் இருந்த வயர்லெஸ்ஸுக்குப் போனது. பின்னால் ஈரச் சட்டையில் நின்ற வெர்ன், தும்மலை அடக்கி அடக்கிக் கண்ணீர் விட்டான். அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார்.

"பயப்படாதே பாப்பா. ஏதாவது வேணுமா?"

மார்னி நிமிர்ந்து பார்த்தாள். "இங்கேயே கொஞ்ச நேரம் பேசிட்டு இருங்க சார். உங்க வயர்லெஸ் கரகரப்புல மூணு கணக்கு முடிஞ்சுது."

தேர்வு நாள் வந்தது. எல்லோரும் அரசுப் பள்ளியில் போய்த்தான் எழுத வேண்டும். கோரின் வெளியே காரில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தாள். "கடவுளே, அவளுக்கு அந்த அமைதியைத் தாங்குற சக்தியைக் கொடு."

கணக்குத்தாள் கொடுத்த நேரம், தேர்வு அறைக்கு நேர் கீழே மைதானத்தில் பெரிய முரசு முழங்கியது. பின்னாலேயே நாற்பது எக்காளம். ஊர்வல ஒத்திகை! வாத்தியக்குழு ஆசிரியர் ஹால்வர்சனுக்குத் தேர்வு நடப்பதையே யாரும் சொல்லவில்லையாம். கோரின் செருப்புகூட மாட்டாமல் மைதானத்துக்கு ஓடினாள். "நிறுத்துங்க!" என்று அவள் கையை ஆட்டிக் கத்தியதை, அவர் "நல்லாருக்குங்க!" என்று கைகாட்டியதாக எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகக் கோலைச் சுழற்றினார்.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பிரெஸ்டன் அழுதுகொண்டிருந்தான். நடீன் நேராக ஹால்வர்சனை நோக்கிப் போனாள். அன்று அவள் போட்ட சத்தத்தில் முரசு அடங்கியது.

மார்னி ஆப்பிளைக் கடித்துக்கொண்டு கடைசியாக வந்தாள்.

"எப்படிம்மா எழுதினே?" என்று வெறுங்காலோடு ஓடிவந்து கேட்டாள் கோரின்.

"வீட்டுல இருக்கற மாதிரியே இருந்துச்சும்மா."

உதவித்தொகை முழுசாகவே கிடைத்தது. செய்தி வந்த சாயங்காலமே பிஸ்கட் திரும்பி வந்தது, அலமாரியும் திறந்தது. மற்றவர்களுக்கு மறுதேர்வு வைத்தார்கள். பிரெஸ்டனும் நன்றாக எழுதிக் கான்சாஸுக்குப் போய்விட்டான். மார்னி அடுத்த ஆகஸ்டில், மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கன் நகரத்துக்குக் குடிபோனாள். அங்கே நூலகத்தில் படிக்க முடியாமல், விடுதியில் துணி துவைக்கும் அறையில் நாற்காலி போட்டிருக்கிறாளாம்.

நடீன்? ஹால்வர்சனைத் திட்டப்போனவள் திரும்பத் திரும்பப் போய்த் திட்டினாள். அக்டோபரில் அவருக்கே மனைவியானாள். இப்போது அவள் வீட்டில் எக்காளம் ஊதாத நேரமில்லை.

கல்யாண விருந்தில், கீழ்த்தளத்து அம்மாக்கள் அத்தனை பேரும் கோரினின் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உண்மையைச் சொல்லு கோரின். மார்னி எப்போதான் ஆரம்பிச்சா? ஆறாம் கிளாஸா? ஏழா?"

கோரின் யோசித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கரண்டியால் தட்டில் மேளம் கொட்டிக்கொண்டிருந்த பிப், கொட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"நான் பொறந்த அன்னிக்கு!"