நிமிடத்துக்கு அறுபத்தெட்டு

மனித இதயத்தை முழுமையாகப் புரிந்துகொண்ட நிறுவனம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது அட்டைப்பெட்டி செய்கிற நிறுவனம் என்பதை வருங்காலம் ஒப்புக்கொள்ளத்தான் போகிறது. கவிஞர்கள் முயன்றார்கள், பாதி வழியில் நிலாவைப் பார்த்து நின்றுவிட்டார்கள். மருத்துவர்கள் முயன்றார்கள்; ஆளை நேரில் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று அடம்பிடித்தார்கள். ஆளைப் பார்க்காமலேயே அவன் இதயத்தைப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்த பெருமை அந்த நிறுவனத்தின் நலப் பிரிவையே சேரும்.

திட்டத்தின் பெயர் ‘இதயத்தோடு இணைவோம்’. ஊழியர் ஒவ்வொருவருக்கும் மார்பில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு கடிகாரம். பட்டை துடிப்பை எண்ணிப் புளூடூத் வழியே கடிகாரத்துக்கு அனுப்பும். கடிகாரம் அதை நல அலுவலரின் மேசையில் இருக்கும் திரைக்கு அனுப்பும். திரையில் ஆளுக்கொரு புள்ளி. பச்சை என்றால் ஆரோக்கியம். சிவப்பு என்றால் நோய். சாம்பல் என்றால் இணைப்பு இல்லை. நிர்வாகத்தின் பார்வையில் அந்த ஆளுக்கு அன்று இதயமே கிடையாது.

ஸ்டோர்காரரின் புள்ளி மூன்று வாரமாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

அவர் இருபத்தாறு வருடமாக அங்கே பசை டின்களுக்கும் டேப் கட்டுகளுக்கும் காவல் இருப்பவர். சொந்தப் பெயரை அவரே சம்பளப் பட்டியலில் பார்த்துத்தான் ஞாபகப்படுத்திக்கொள்வார். எல்லோருக்கும் அவர் ‘ஸ்டோர் சார்’. அவர் மனைவி ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். அடுத்தவர் பிழையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணுக்குத்தான் முதலில் பட்டது. இரண்டாம் மாடியில் இருக்கும் வீட்டுக்கு ஏறி வரும்போது, முதல் மாடித் திருப்பத்தில் ஒட்டியிருக்கும் தண்ணீர்த் தொட்டி நோட்டீஸின் முன்னால் அவர் நின்றுவிடுகிறார்.

“என்னங்க, ஒரு வாரமா அதே நோட்டீஸைப் படிக்கிறீங்க?”

“நல்லா எழுதியிருக்கான்.”

“தொட்டி கழுவுறதைப் பத்தி என்ன நல்லா எழுதுவான்? மூச்சு வாங்குதா?”

“கொஞ்சம். நெஞ்சுல யாரோ ஒரு டேப் கட்டை வச்ச மாதிரி இருக்கு. நடந்தா வைக்கிறான், உக்காந்தா எடுத்துடறான்.”

“நாளைக்கே டாக்டர்.”

இதய மருத்துவர் வேலை நாட்களில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான் பார்ப்பார். ஸ்டோர்காரருக்கு எட்டு மணிக்கு வேலை. ஆகவே பர்மிஷன் வேண்டும். இங்கேதான் திட்டத்தின் அருமை தெரிகிறது. அதன் ஏழாவது விதி, திரையில் சிவப்புப் புள்ளி உள்ளவர்கள் மட்டுமே வேலை நேரத்தில் மருத்துவரிடம் போகலாம் என்கிறது. நோய் இல்லாதவர்கள் மருத்துவரின் பொன்னான நேரத்தை வீணாக்கக் கூடாதே என்ற கருணைதான் காரணம்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் மட்டம் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு ஆணியைக்கூடச் சீட்டு இல்லாமல் வெளியே விடாத மனிதர், தன்னை மட்டும் எப்படி விடுவார்?

நல அலுவலரிடம் போனார். அவர் தினமும் காலையில் ஓடுபவர். ஊழியர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று அவரும் சட்டைக்குள் பட்டை கட்டியிருந்தார்.

“சார், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு. ஒரு காலை நேரம் பர்மிஷன் வேணும்.”

“கடிகாரம் என்ன சொல்லுது?”

“பட்டையைக் காணோம்னு சொல்லுது.”

“பட்டை எங்கே?”

ஸ்டோர்காரர் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“போட்டிருக்கீங்க, சரி. ஆனா கடிகாரத்துக்குத் தெரியலையே! அதுக்குத் தெரியாத வரைக்கும் எனக்கும் தெரியாது. முதல்ல இணைப்பு. அடைப்பை அப்புறம் பார்க்கலாம்.”

உடனே ‘இணைப்பு மீட்புக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் நல அலுவலர். உறுப்பினர் கணினிப் பிரிவுக்காரர். நடந்ததையெல்லாம் எழுதிவைக்க ஒரு தட்டச்சர். கூட்ட அறையில், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், ஸ்டோர்காரர் சட்டையில்லாமல் ஒன்றரை மணி நேரம் நின்றார். குழு கடிகாரத்தை அணைத்துப் போட்டது. பட்டையின் பொத்தான் பேட்டரியை மாற்றியது. கடிகாரத்தை மறுபடி அணைத்துப் போட்டது. தட்டச்சர் கேட்காமலேயே ஒரு யோசனை சொன்னார்: ஜன்னலைத் திறக்கலாம். அதுவும் செய்யப்பட்டுக் குறிப்பேட்டில் ஏறியது.

கடைசியில் கணினிப் பிரிவுக்காரர்தான் கண்டுபிடித்தார்.

“பட்டையோட உள்பக்கம் காஞ்சு கிடக்கு சார். ஈரம் இல்லாட்டி துடிப்பே ஏறாது. தண்ணி தொட்டுக் கட்டணும்.”

நல அலுவலர் தம் குடிநீரையே கொடுத்தார். தொட்டுக் கட்டினார்கள். கடிகாரம் ‘டிங்’ என்றது. இணைப்பு வந்துவிட்டது! எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்டோர்காரரும் தட்டினார்.

பிறகு எண்ணைப் பார்த்தார்கள். நூற்று முப்பத்தொன்று. ஐம்பத்து நான்கு. நூற்றுப் பதினெட்டு. நாற்பத்தேழு. திரையில் புள்ளி செக்கச் சிவந்தது.

“இது என்னய்யா, குலுக்கல் சீட்டு நம்பர் மாதிரி வருது?” என்றார் நல அலுவலர்.

“சிக்னல் கோளாறு சார். மனுஷனுக்கு இப்படி அடிக்காது.”

“அடிச்சா?” என்று கேட்டார் ஸ்டோர்காரர்.

“அடிச்சா நீங்க இப்படி நின்னு கேள்வி கேட்டுட்டு இருக்க மாட்டீங்க.”

இந்தத் தர்க்கத்தின் அழகில் ஸ்டோர்காரரே மயங்கிவிட்டார். குறிப்பேட்டில் ஏறிய வாசகம் இது: ‘கோளாறு கருவியில் உள்ளது, ஊழியரிடம் இல்லை.’ பழைய இணைப்பு நீக்கப்பட்டது. கடிகாரத்தைப் புதிதாகத் தேடச் சொன்னார்கள். அறைக்குள்ளே குளிர்காற்று, கட்டிய ஈரம் அதற்குள் காய்ந்துவிட்டது. நல அலுவலர் கடிகாரத்தைத் தம் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, “வா, வா” என்று கூப்பிட்டார். ‘டிங்’.

அறுபத்தெட்டு. அசையாத அறுபத்தெட்டு. பச்சை.

“பார்த்தீங்களா! இருபது வயசுப் பையன் இதயம். இதுக்குப் போய் பர்மிஷனா?”

ஸ்டோர்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே கிடங்குக்குப் போனார். சாம்பல். மேலே வந்தார். பச்சை. நான்கு முறை ஏறி இறங்கவைத்துச் சோதித்தார்கள். அறிவியல் என்றால் சும்மாவா? நல அலுவலர் பக்கத்தில் இருந்தால் இணைப்பு வருகிறது, விலகினால் போய்விடுகிறது என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானது.

“சிலருக்குக் கைராசி அப்படி” என்று நல அலுவலர் அடக்கத்தோடு சொல்லிக்கொண்டார். மறுநாளே ஸ்டோர்காரரின் மேசை கிடங்கிலிருந்து கிளம்பி, நல அலுவலரின் அறைச் சுவரை ஒட்டி மாடி வராந்தாவில் போடப்பட்டது. சரக்கு மட்டும் கீழேயே இருந்தது. யாராவது ஒரு டேப் கேட்டால் அவர் நாற்பத்திரண்டு படி இறங்கி, எடுத்து, நாற்பத்திரண்டு படி ஏறி வர வேண்டும். புள்ளி மட்டும் பசுமையாக இருந்தது.

இதையெல்லாம் அவர் அன்றன்று சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து, நடுநடுவே நிறுத்திச் சொல்வார். அவள் கேட்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஆரம்பித்தார்.

“நேத்துத் திட்டு வாங்கினேன்.”

“எதுக்கு?”

“தினம் பதினோரு மணிக்கு என் துடிப்பு நூத்து முப்பதுக்குப் போகுதாம். அஞ்சு நிமிஷம் சிவந்தா அது நோய்க் கணக்குல வராதாம். ‘உணர்ச்சிவசப்படாதீங்க ஸ்டோர் சார், உங்களைப் பார்த்து மத்தவங்க கெட்டுப்போவாங்க’ங்கிறார். நான் அப்போ ரசீதுக்கு எண் போட்டுட்டு உக்காந்திருக்கேன்.”

அவள் கையில் இருந்த மெய்ப்புத் தாளைக் கீழே வைத்தாள்.

“பதினோரு மணிக்கு அங்கே என்ன நடக்கும்?”

“ஒண்ணும் இல்ல. பொது மேலாளர் போன் பண்ணி நல அலுவலரை வாங்கு வாங்குன்னு வாங்குவார். சுவரைத் தாண்டிக் கேக்கும்.”

அவள் எழுந்து போய்க் கடிகாரம் வந்த பெட்டியைத் தேடி எடுத்தாள். உள்ளே இருந்த கையேட்டை அந்த நிறுவனத்தில் ஒருவரும் திறந்ததில்லை. திறந்திருந்தால் குழுவுக்கு என்ன வேலை? முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். பதினான்காம் பக்கத்தில் விரல் நின்றது.

“கேளுங்க. ‘இணைக்கும்போது வேறு பட்டை அணிந்தவர் அருகில் இருக்கக் கூடாது. இருந்தால் அவருடைய துடிப்பு உங்கள் கடிகாரத்தில் பதிவாகலாம்.’”

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். வீட்டில் அது எப்போதும் போல ‘பட்டையைக் காணவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

“அப்போ அந்த இருபது வயசு இதயம்...”

“அவரோடது.”

“பதினோரு மணிக்குப் பயப்படுறது?”

“அதுவும் அவரோடது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அவர் சிரிப்பை நடுவில் நிறுத்தி மார்பைப் பிடித்துக்கொண்டபோதுதான் அவள் நிறுத்தினாள்.

“பர்மிஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு நான் வேலைக்குப் போகல. ரெண்டு பேரும் டாக்டர்ட்ட போறோம்.”

“ஒரே ஒரு நாள் பொறும்மா. நாளைக்குத் திங்கக்கிழமை. இந்தப் பக்கத்தைக் காட்டினா அஞ்சு நிமிஷத்துல மாத்திக் கொடுத்துடுவாங்க. என்னோட நம்பர் வந்துட்டா சிவப்பு. சிவப்பு வந்தா அவங்களே அனுப்பிடுவாங்க. முறையாப் போயிடலாம்.”

அவள் ஒத்துக்கொண்டாள். அந்த நிறுவனத்தின் ஒழுங்கு வீட்டுக்குள்ளும் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு இது ஒரு சான்று.

திங்கட்கிழமை அவர் பதினான்காம் பக்கத்தை நல அலுவலரின் மேசையில் விரித்து வைத்தார்.

“யார் படிச்சது?”

“என் வீட்டுக்காரம்மா சார்.”

“இன்ஜினியரா?”

“இல்ல சார். அச்சகத்துல பிழை திருத்துறாங்க.”

“அதான் பார்த்தேன்! எதைப் பார்த்தாலும் பிழையாத்தான் தெரியும்” என்று நல அலுவலர் பெருந்தன்மையோடு சிரித்தார். “சார், குழு ஒரு தீர்மானம் போட்டிருக்கு. நல்லா வேலை செய்யிற இணைப்பை நான் பாட்டுக்கு அறுக்க முடியுமா? இணைப்பு மாற்று விண்ணப்பம் எழுதிக் கொடுங்க. குழு வியாழக்கிழமை கூடுது.”

“என்னோட பட்டையை நான் தண்ணி தொட்டுக் கட்டி, நானே மாத்திக்கவா சார்?”

“அது விதிமீறல்.”

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை ஏறி இறங்கினார். புதன்கிழமை பதினொன்று நாற்பதுக்கு, ஒரு பசை டின்னோடு மேலே ஏறி வந்து மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

யாரும் கவனிக்கவில்லை என்று சொல்வது அபாண்டம். உடனே கவனித்தார்கள். தட்டச்சர் ஓடி வந்து முகத்தைப் பார்த்தார். கணினிப் பிரிவுக்காரர் ஓடி வந்து மணிக்கட்டைப் பார்த்தார்.

“பச்சைதான். அறுபத்தெட்டு. லேசா அசந்திருப்பார்.”

“முகம் ஒரு மாதிரி இருக்கே?”

“முகத்துல என்ன இருக்கு? இதயம் நல்லா இருக்கு பாரு.”

நல அலுவலரும் அறைக்குள்ளிருந்து வந்தார். குனிந்து பார்த்தார். அவர் குனிந்தபோது எண் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம், பாவம், அலைகிற மனிதர் என்று சொல்லிவிட்டுப் போனார். இருபது நிமிடம் அவரை யாரும் தொந்தரவு செய்யவில்லை. அதன் பிறகு டேப் கேட்டு வந்த ஓர் ஆள்தான், திட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒப்பந்தக் கூலி, அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

பன்னிரண்டாம் நாள் நல அலுவலர் அவள் வீட்டுக்கு வந்தார். இரண்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வந்தார். நிறுவனத்தின் பொருட்களைத் திரும்பப் பெற வேண்டும். பட்டையும் கடிகாரமும், அதுவும் முழு சார்ஜோடு, என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார்.

“நிர்வாகத்தோட ஆழ்ந்த வருத்தம் மேடம்” என்று உட்கார்ந்தார். பிறகு ஆறுதலாக, “உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கடைசி வரைக்கும் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ரெக்கார்டு இருக்கு. பதினொன்னு நாப்பது, அறுபத்தெட்டு. பதினொன்னு அம்பது, அறுபத்தெட்டு. பன்னிரண்டு மணிக்கும்...”

“பன்னிரண்டு மணிக்குமா?” என்றாள்.

அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். மேலே படிக்கவில்லை.

இருவருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்த கடிகாரம் ‘டிங்’ என்றது. பச்சை ஒளி வந்தது. எழுபத்தாறு. எண்பத்தொன்பது. நூற்றுப் பத்து. அவள் அதைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். நூற்று இருபத்து நான்கு. நல அலுவலரின் கை அவரை அறியாமல் சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று.

“இதுல ஏதோ கோளாறு மேடம்.”

“இல்லைங்க. சரியாத்தான் காட்டுது.”

அவர் அவசரமாக ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பொருள் ஒப்படைப்புப் படிவம். கடைசிக் கட்டத்தில் ‘குறைபாடு ஏதேனும் கண்டறியப்பட்டதா?’ என்று இருந்தது.

“அங்கே ‘இல்லை’ன்னு மட்டும் போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க மேடம். இல்லாட்டி மறுபடி குழு கூடணும்.”

அவள் ‘இல்லை’ என்று எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார்ப்பது தொழில் பழக்கம். படித்தாள். விடுபட்டது தெரிந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு சொருகல் குறி போட்டு, மேலே தெளிவாக எழுதினாள்: ‘கருவியில்’.