செக்கிங் அண்ணனின் நிம்மதி யாத்திரை

நிம்மதியைத் தேடி காசி, கயா, சாரநாத் என்று அலைந்தவர்கள் ஆரணியில் பல பேர் இருக்கலாம். ஆனால் தான் ரயில் ஏறிய நிமிடத்திலேயே ஒரு தெரு முழுவதற்கும் நிம்மதியைக் கொடுத்துவிட்டுப் போனவர் எங்கள் செக்கிங் அண்ணன் ஒருவர்தான்.

அவருடைய பட்டுக்கடையில் அவருக்கு வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். நெசவாளர்கள் கொண்டுவரும் சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, இங்கே இழை அறுந்திருக்கிறது, இங்கே கரை கோணியிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவார். பிறகு கண் ஆபரேஷன் என்று கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார். அதற்குள் மகன் கடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். அண்ணனுக்கோ கண் முன்னைவிடப் பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிட்டது. பார்க்கச் சேலை இல்லை. எனவே தெருவைப் பார்த்தார்.

எதிர்வீட்டு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது, "உங்க சர்ச்சு மணியில ரெண்டாவது அடி சரியா வுழல டீச்சர். கயிறு இஸ்க்கறவருக்கு கை வலியான்னு கேளுங்க" என்பார். நான் பக்கத்து வீடு என்பதால் எனக்குத் தினசரி சேவை.

"உன் வண்டி ஸ்டாண்டு போட்டா எடது பக்கமா சாயுதுப்பா."

"ஸ்டாண்டு போட்டா எல்லா வண்டியும் எடது பக்கம்தான் சாயும்ணே."

"அத்தத்தான் சொல்றன். ஒருத்தரும் இன்னா ஏதுன்னு கேக்க மாட்றீங்க."

இப்படி இருந்தால் ரத்தக் கொதிப்பு வராமல் என்ன செய்யும்? வந்தது. மனசை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மாத்திரையை மறந்தாலும் அண்ணன் இதை மறக்கவில்லை. முதலில் பக்கத்திலேயே திருமலை சமணர் கோயிலுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். அமைதி இருக்கிறது, ஆனால் பஸ் வசதி சரியில்லை என்று திரும்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் காட்பாடியில் வடக்கே போகும் ரயில்களைப் பிடிக்க ஆரம்பித்தார்.

எங்கேயும் தனியாகத்தான் போவார். மனைவியோடு போனால் நிம்மதி எப்படிக் கிடைக்கும் என்பது அவர் கட்சி. திரும்பி வந்ததும் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு அறிக்கை வாசிப்பார். காசி கங்கை ஆரத்தியில் மூன்றாவது ஆள் விளக்கைக் கொஞ்சம் தாமதமாகத் தூக்குகிறார். புத்தகயாவில் போதி மரத்தின் கிளைக்கு இரும்புத் தூண் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒரு தூண் நேராக இல்லை. அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் தியானம் சொல்லிக் கொடுத்தாராம். மூச்சை மட்டும் கவனியுங்கள் என்றாராம். அண்ணன் கவனித்துவிட்டு, இடது மூக்கில் கம்மியாக வருகிறது என்று புகார் கொடுத்திருக்கிறார்.

"இயல்பா வுடுங்கன்றாரு. இயல்பா வுட்டாத்தான் கம்மியா வருது. அத்த கேட்டா கண்ண மூடிக்கிறாரு."

அவர் ஊரில் இல்லாத நாட்களில் எங்கள் தெரு எப்படி இருக்கும் தெரியுமா? பெண்கள் கோலத்தைப் பயமில்லாமல் கோணலாகப் போடுவார்கள். நான் வண்டியை இஷ்டத்துக்கு நிறுத்துவேன். டீச்சர் ஒருநாள் என்னிடம், "அவரு யாத்திர நல்லபடியா நடக்கணும்னு நானும் ஜெபம் பண்றேன் சார். கொஞ்சம் நீண்ட யாத்திரையா" என்றார். அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி, கதவைச் சாத்திக்கொண்டு பகலிலேயே தூங்குவார்.

அப்புறம்தான் அந்த இரண்டாவது புத்தகயா பயணம் வந்தது. போய்ச் சேர்ந்த மறுநாள் அண்ணனின் போன் அணைந்துவிட்டது. அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே. தங்கிய இடம் அண்ணிக்குத் தெரியாது. மகன் யார் யாருக்கோ போன் பண்ணினான். அண்ணி போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் டீச்சர் வீட்டுக்கும் நடந்தார். சாப்பிட்டீர்களா என்று என் மனைவி கேட்டாள்.

"கொழம்பு வெச்சன். நல்லா கீதா இல்லியான்னே தெரில. கொற சொல்ல ஆளு இல்லியே" என்றவர் எங்கள் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதார். தெருவில் அத்தனை அமைதி. எங்களுக்கு அது பிடிக்கவே இல்லை.

மகன் கயாவுக்குக் கிளம்பத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்த காலையில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் பையோடு இறங்கினார்.

"கேட்டு இப்டி தொறந்தே கெடந்தா நாய் வராதா?" என்றார். அவ்வளவுதான், அண்ணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். மௌனப் பயிற்சி என்று ஓர் இடத்தில் சேர்ந்திருக்கிறார். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பித் தந்தபோது அதில் சார்ஜ் இல்லை, சார்ஜரை அண்ணன் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். வீட்டில் சொன்னால் வேண்டாம் என்பார்களே என்று சொல்லாமல் சேர்ந்துவிட்டார். ஆயுளில் முதல்முறையாக ஒரு பயிற்சியைக் குறையில்லாமல் முடித்திருக்கிறார், அதில் உயிர் போனது எங்களுக்கு.

அடுத்த தடவை நானும் வருவேன் என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றார். துணைக்கு நானும் என் மனைவியும் போனோம். கயாவில் ஆலமரத்தடியில் பிண்டம் வைத்த பிறகு, பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று, இலை ஒன்றை விட்டுவிடச் சொல்வது வழக்கம். தமிழ் பேசும் சாஸ்திரிகள் கேட்டதும் அண்ணன் பட்டென்று, "பாவக்கா" என்றார்.

"அத்த நீங்க தொட்டதே இல்லியே" என்றார் அண்ணி.

சாஸ்திரிகள் அண்ணி பக்கம் திரும்பினார்.

"எனக்கு ரொம்பப் புடிச்சது இவுரு ஊர்ல இல்லாத நாளுங்கதான் சாமி. ஒரு பேஜாரும் இருக்காது. நான்பாட்டுக்கு தூங்குவன். அத்த இங்கியே வுட்டுட்டன்."

சாஸ்திரிகள் கையிலிருந்த எள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் குறுக்கே வந்தார்.

"அது செல்லாது. காய், பழம், எல, இதான் மொற. நாள எப்டி வுடுவ நீ?"

"புடிச்சத வுடச் சொன்னாங்க. வுட்டாச்சி."

அண்ணன் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். மரத்தில்கூட ஒரு குறையும் சொல்லவில்லை. திரும்பும் ரயிலில் அண்ணி கண் அசந்த பிறகு அண்ணன் என்னிடம் மெல்லக் கேட்டார்: "அன்னிக்கு போன் வராதப்ப ரொம்ப அழுதுகினு இருந்தாளா?"

"ஆமாண்ணே."

"சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றார். அவர் தன்மேலேயே குறை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அண்ணன் தனியாக எங்கேயும் போவதில்லை. தெருவின் நிம்மதி போயே போய்விட்டது. என் ஜெபமெல்லாம் வீணாகிவிட்டதே என்று டீச்சர் புலம்புகிறார். ஆனால் காலையில் அண்ணன் குரல் கேட்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், டீச்சர் வீட்டுக் கதவும் எங்கள் வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கின்றன.