கூட்டத் தெரியாத புரோகிராம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரகடம் சாலைத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். திரைக்கு நேரே செக்‌ஷன் ஆபீசர் கோதண்டராமன். அவருக்குப் பின்னால் டைப்பிஸ்ட் கிரேசி. கதவோரம் ஸ்டூலில் அட்டெண்டர் எல்லப்பன். ஏ.சி.க்கு அடியில், குளிரிலா பயத்திலா என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டு, இன்னும் வேலை நிரந்தரமாகாத புரோகிராமர் லூர்துராஜ்.

மூன்று உற்பத்தி லைனில் செய்த போல்ட்டுகளைக் கூட்டிச் சொல்ல வேண்டிய சி புரோகிராம், ஊர் ஜனத்தொகை மாதிரி ஏதோ ஓர் எண்ணைச் சொன்னது. நாளைக்கு மெட்ராஸ் மேனேஜர் வருகிறார்.

"மூணு நம்பரைக் கூட்டத் தெரியலையாடா உனக்கு?"

"சார், ஒரே ஒரு தடவை திரையைப் பாத்துக்கறேன்..."

"கிட்ட வந்தே, காலை ஒடிச்சிடுவேன்!"

கோதண்டராமன் பிழை தேடும் டிபக்கரைத் திறந்தார். புரோகிராமை ஒவ்வொரு வரியாக நடக்கவிட்டு, மொத்தம் எவ்வளவு என்று கேட்டார். கூட்டல் தொடங்கும் முன்பே அதில் ஒரு குப்பை எண் உட்கார்ந்திருந்தது.

"பாரு கிரேசி, பாத்திரம் கழுவாமலே சமைச்சிருக்கான்!"

மொத்தத்தைப் பூஜ்யமாக்க ஒரு வரி சேர்த்தார். ஆத்திரத்தில் அதை, லைனுக்கு ஒரு தடவை கூட்டல் நடக்கும் சுற்றுக்கு உள்ளேயே வைத்துவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் கணக்கு அழிந்து, கடைசி லைன் போல்ட் மட்டும் மிஞ்சியது. சுற்றுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டினார். இல்லாத நாலாவது லைனின் எண்ணைப் படித்துவிட்டு, கழித்தல் குறியோடு விடை சொன்னது புரோகிராம்.

"இன்னா சார், போல்ட்ட செய்யாம முழுங்கிக்கினு கீறோமா?" என்றான் எல்லப்பன்.

"வாயை மூடுடா!"

அடுத்த திருத்தத்தில் புரோகிராம் பாதியிலேயே செத்து விழுந்தது.

"கிரேசி, லெட்டர் அடி! 'இத்துடன் உள்ள பிளாப்பியிலிருக்கும் புரோகிராமை எழுதியவரை இன்றே வேலையை விட்டு நீக்கவும்.'"

"சார், கல்யாணம் நிச்சயமாயிருக்கு சார்!" என்று கெஞ்சினான் லூர்துராஜ்.

"நல்லவேளை, அந்தப் பொண்ணு பொழைச்சா."

"பேரு போடணுமா சார்?" என்றாள் கிரேசி.

"அந்தத் தறுதலை பேரு என் லெட்டர்லயா? யார் எழுதினதுன்னு மெட்ராஸ்லயே கண்டுபிடிச்சுக்கட்டும்!"

கையெழுத்துப் போட்டு, தன் திருத்தம் எதுவும் சேராத அசல் பிளாப்பியையும் கவருக்குள் தள்ளி, பசை தடவி அறைந்து ஒட்டினார். எல்லப்பன் ஓடிப்போய் மெட்ராஸ் போகும் கம்பெனி பஸ்ஸில் கொடுத்தான். பஸ் கேட்டைத் தாண்டியது.

கிரேசி மேசையிலிருந்த இன்னொரு பிளாப்பியை முந்தானையால் துடைத்தாள்.

"பூஜைக்கு வச்ச ரெண்டு பிளாப்பிலயும் சந்தனம் அப்பினதுல பேரே தெரியல சார். இதோ, லூர்துராஜோடது இதுதான்."

"அப்போ பஸ்ல போறது?"

"இதே கணக்குக்கு டிரெய்னிங்ல நீங்க எழுதினது சார்."