பிக்கப்புக்குள் ஒரு வாரம் அமைதி

"வாப்பாட உள்ளங்கால் வெந்து போய் இரிக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பிக்கப்புட தரைக் காப்பெட்டை மாத்திப் போடுங்க" என்றாள் மனைவி ஜுனைதா.

மசூர் தலையாட்டினான். அந்த வீட்டில் அவன் செய்கிற முக்கியமான வேலையே அதுதான். கல்முனைப் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடும் பெண்ணுடையது, வளவும் பெண்ணுடையது. மாமனார் மட்டும் மாப்பிள்ளையின் பங்குக்கு வருவார். மசூரின் பங்குக்கு வந்தவர் ஸைனுலாப்தீன். சம்மாந்துறை நெல் மில்லில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்ந்தவர்.

மாமாவுக்கு முன்னால் மருமகன் குறை சொல்லி வாய் திறக்கிற வழக்கம் அங்கே கிடையாது. ஆனால் மனிதன் எங்கேயாவது திறந்துதானே ஆகவேண்டும்? மசூர் திறக்கிற இடம் பிக்கப். காப்பெட் நைந்து, தரைத் தகரம் அங்கங்கே ஓட்டை விழுந்து, ஓடத் தொடங்கினால் உள்ளே பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அவன் நெல் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போகும்போதெல்லாம் மாமாவும் ஏறிக்கொள்வார். ஏறியதும் நடுக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துத் தாடியைத் தடவுவார். பின்னால் மூட்டை மறைப்பதால் அந்தக் கண்ணாடியால் மசூருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. கிழவர் அழகு பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவான்.

மூன்றாம் கியர் விழுந்ததும் அவன் தொடங்குவான். ரோட்டைப் பார்த்தபடி, முகத்தில் மரியாதை குறையாமல், வாய்விட்டே சொல்லுவான். மாமாவின் குறட்டையில் ஓடு கழன்று விழப்போகிறது. விடிந்தால் கிணற்றடியை விடமாட்டார். மீன் தலை எந்த நாளும் அவருக்குத்தான். இரைச்சலில் அது அவனுக்கே கேட்காது. சொல்லி முடித்தால் மனசு கழுவி வைத்த பீங்கான் மாதிரி ஆகிவிடும். அதிசயம் என்னவென்றால், சொன்ன குறைகளில் சில தாமாகவே தீர்ந்தும் போயின. மாமா படுக்கையைப் பின் அறைக்கு மாற்றினார். சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கப் பள்ளிவாசலுக்கே போகத் தொடங்கினார். ஒருநாள் மீன் தலை மசூரின் பீங்கானில் வந்து விழுந்தது. தனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

இப்படிப்பட்ட இரைச்சலை எவனாவது இழப்பானா? பழைய காப்பெட்டை மட்டும் உரித்து எறிந்துவிட்டு, புதியது கடைக்கு வரவில்லை என்றான். இரைச்சல் இரட்டிப்பானது. ஆனால் மறுநாளே மாமாவின் ரப்பர்ச் செருப்பு சூட்டில் தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. அவர் வெறுங்காலோடு வீட்டுக்குள் வந்ததை ஜுனைதா பார்த்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி ஸப்ரி கட்டாரிலிருந்து வந்து இறங்கினான், அக்கா சொல்லிவிட்டபடி கையில் கறுப்பு டின்களோடு. அங்கெல்லாம் காப்பெட்டே போடமாட்டார்களாம். தரைக்கு ரப்பர்ப் பூச்சுத் தெளித்து, சத்தத்தை அடக்குகிற பாய்த் துண்டுகளை ஒட்டுவார்களாம். உள்ளே ஒருவர் பெருமூச்சு விட்டாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்குமாம்.

மசூர் தானே தெளிக்கிறேன் என்று முன்வந்தான். வேலையைக் கெடுத்துவிட்டால் இரைச்சல் பிழைக்கும் என்பது கணக்கு. வயலுக்கு மருந்தடிக்கிற மாமாவின் மெசினில் பூச்சை ஊற்றி, முதுகில் மாட்டிக்கொண்டு, பூச்சி பிடித்த வேளாண்மைப் பயிருக்கு அடிப்பதுபோல அடித்தான். முதலில் சீட்டு கறுத்தது, பிறகு ஸ்டியரிங். அதற்குப் பிறகு குழாய் அடைத்து, பூச்சு மெசினுக்குள்ளேயே இறுகிவிட்டது. வயலுக்கு மருந்தடிக்க வேண்டிய வாரம் அது. மாமா மெசினைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

மசூர் பதறிப்போய் மெசினைப் பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கிற புண்ணியமூர்த்தியிடம் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினான். அவர் மெசினைத் திருத்தியதோடு நின்றிருக்கலாம். பிக்கப்பின் தரையைக் கண்டுவிட்டார். இந்தக் கோலத்தில் ஒரு வாகனம் தன் கராஜை விட்டுப் போனால் தன் பேர் என்னத்துக்கு ஆகும் என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சுரண்டி, பூச்சை முறையாகத் தெளித்து, ஸப்ரி கொண்டுவந்த பாய்த் துண்டுகளை ஒட்டி, போதாததற்குக் கதவுக்குள்ளும் சாக்கு அடைத்துக் கொடுத்தார்.

அடுத்த பயணத்தில் மூன்றாம் கியர் விழுந்தது. மசூர் பழக்கதோசத்தில் வாயைத் திறந்தான்.

"இந்த..." அவ்வளவுதான். அது அவனுக்கே துலாம்பரமாகக் கேட்டது.

"இந்த?" என்றார் மாமா.

"இந்த முறை விளைச்சல் பரவாயில்ல மாமா."

"ஓம்" என்றார் அவர்.

அந்த வாரம் முழுக்க மசூர் வாயை இறுக்கி மூடிக்கொண்டே பிக்கப்பை ஓட்டினான். சொல்லாத குறையெல்லாம் வயிற்றில் காற்றாக ஏறியது. ஜுனைதா இஞ்சி இடித்துக் கொடுத்தாள், ஓமத் தண்ணீர் கொடுத்தாள். ஒன்றுக்கும் இறங்கவில்லை. எந்த நேரம் வாய் தவறி எல்லாவற்றையும் கொட்டிவிடுவோமோ, உடுப்புப் பெட்டியோடு உம்மா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டி வருமோ என்று பயந்து செத்தான்.

காப்பாற்றியது ஆமிக்காரன். மில்லுக்குப் போகும் வழியில் இருந்த செக்பொயின்டில் வழக்கம்போலத் தடியால் பிக்கப்பின் தரையைத் தட்டினான். முன்பெல்லாம் டங் என்று கேட்கும். இப்போது தொம் என்றது. கதவைத் தட்டினான், அதுவும் தொம். உள்ளே ஏதோ ஒளித்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். மசூர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கம் சொன்ன பிறகு சந்தேகம் உறுதியானது. பூச்சைச் சுரண்டி, பாய்த் துண்டுகளைப் பிடுங்கி, சாக்கை உருவி வெளியே போட்டார்கள். ஒன்றும் இல்லை என்றதும் போகச் சொன்னார்கள். மசூர் கண் கலங்க நன்றி சொன்னான். அப்படி நன்றி சொன்ன ஆளை அவர்கள் கண்டதே இல்லை. திரும்பக் கூப்பிட்டு இன்னொருமுறை தேடினார்கள்.

பிக்கப் பழையபடி இரைந்தது. மாமா பழையபடி கண்ணாடியைத் திருப்பினார். மசூர் ஒரு வாரத்துச் சரக்கை அவிழ்த்துவிட்டான். டீவியை ஊருக்கே கேட்க வைப்பது, பிள்ளைகளுக்கு டொபி கொடுத்துக் கெடுப்பது, எல்லாம் வந்தது. கடைசியில், "இந்த வயசில கண்ணாடி பாத்து இனி ஆரை மயக்கப் போறீங்க கிழவா" என்றும் சொல்லி முடித்தான். வயிறு அப்படியே இறங்கியது.

மில்லில் நெல் குத்துகிற மெசின் காது அடைக்க ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மாமாவோடு முந்தி வேலை செய்த குணம் என்பவர் நின்றார். மாமா இறங்கி மெசினுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, சத்தமே போடாமல் உதட்டை அசைத்தார். குணம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரும் உதட்டை மட்டும் அசைத்தார். மசூருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன விளையாட்டு இது என்று குணத்தின் காதுக்குள் கத்திக் கேட்டான்.

"இந்த மெசினுக்குப் பக்கத்தில காலம் முழுக்க நிண்ட ஆக்கள் தம்பி நாங்க" என்று குணமும் அவன் காதுக்குள் கத்தினார். "எங்களுக்குக் காது என்னத்துக்கு? வாயைப் பாத்தாப் போதும்."

மசூரின் கை தானாகவே வாயைப் பொத்தியது. அந்தப் பக்கத்தில் மாமா தாடியைத் தடவிக்கொண்டு மறுபடியும் உதட்டை அசைத்தார். குணம் பார்த்து முடித்துவிட்டு இவன் பக்கம் திரும்பினார்.

"ஸைனுலாப்தீன் காக்கா சொல்றாரு, தரையைத் திரும்ப மாத்தத் தேவையில்லயாம். அந்தக் கண்ணாடியை மட்டும் துடைச்சு வைக்கட்டாம், உங்கட வாய் வடிவாத் தெரியுதில்லயாம்."