சேறு காயாத கை

பொயாக்கா, ஞாயிறு, பூசைக்கு முன்

மூத்தவளும் என் ஞானத்தாயுமான ரொசல்பா அக்காவுக்கு, மாதாவின் மன்றாட்டால் நீயும் உன் பசுக்களும் சுகமென நம்பி, தங்கை பெட்ரோனிலா எழுதுவது.

என் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்ற அன்செல்மோ, செத்துப்போன என் தியோடுலோ இந்த வீட்டைத் தனக்கு விற்றதாக ஒரு பத்திரம் நீட்டியிருக்கிறார். பொய்ப் பத்திரம் என்று என் வக்கீலிடம் அழுதேன். வக்கீல், "முத்திரை விழுந்த பத்திரம்மா. பொய்னு சொல்ற நீங்கதான் நிரூபிக்கணும்" என்கிறார். திருடனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவளைக் கேட்பது எந்த ஊர் நியாயம்? சரியென்று, வருஷவாரியாக நூல் கட்டி வைத்திருந்த பால் சங்கச் சீட்டு, பள்ளிக்கூடச் சீட்டு, கோயில் சீட்டு என்று தியோடுலோ கையெழுத்துள்ள இருபது வருஷக் காகிதத்தையும் கோர்ட்டுக் கையெழுத்து நிபுணரிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே கைதான்" என்றார். பால் சங்கக் காகிதங்களைப் பூட்டிக் காக்கும் அன்செல்மோ, "பாத்தீங்களா அண்ணி?" என்று பல்லைக் காட்டினார்.

அக்கா, கதவைச் சாத்திவிட்டுப் படி. அந்தச் சீட்டுக் கையெழுத்தெல்லாம் நான் போட்டது. மனுஷன் உருளைக்கிழங்குக் காட்டிலிருந்து வந்து, "பெட்ரோனிலா, கையெல்லாம் சேறு, நீயே போட்டுடு" என்பார், போட்டேன். பத்திரத்தில் இருப்பது என் கையைப் பார்த்து வரைந்தது. வக்கீலிடம் சொன்னதும் எழுந்துபோய் ஜன்னலை மூடினார். "மெதுவாம்மா! இதைச் சொன்னா வீடு நிக்கும், நீங்க உள்ள போயிடுவீங்க. அதையும் நீங்கதான் நிரூபிக்கணும்." நான் கள்ளி என்பதற்கும் நானே சாட்சி தேட வேண்டுமாம்! சொல்லாவிட்டால் தெரு, சொன்னால் சிறை, பொய்ச்சத்தியம் செய்தால் நரகம். செவ்வாய்க்கிழமை விசாரணை.

கல்யாணத்துக்கு முன் தியோடுலோ எனக்கு எழுதிய கடிதங்கள் உன் பெட்டியில் இருக்கின்றனவே, அவருடைய சொந்தக் கை அது ஒன்றுதான். பத்திரத்தோடு ஒத்துப்பார்க்கக் கொண்டு வா.

உன் அடுப்பு அணையாமலிருக்க மூன்று செபமாலை நேர்ந்துகொண்டு,
பெட்ரோனிலா

பி.கு: பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். கோயில் வாசலில், பங்குச் சாமியாரும் முப்பது பெண்களும் கேட்க, அன்செல்மோவின் பெண்சாதி ஓத்திலியாவிடம் அந்தக் கடிதங்களைப் பற்றி வாய்விட்டுவிட்டேன். அவள் இடுப்பில் கைவைத்து, "அடி பைத்தியக்காரி! உன் புருஷனுக்கு எழுதவே தெரியாது. உனக்கு வந்த காதல் கடுதாசி அத்தனையும் என் புருஷன் எழுதிக் குடுத்ததுடி!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற அன்செல்மோவின் முகம் சுண்ணாம்பாயிற்று. எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டாராம்? முப்பது சாட்சி! சாமியார் மட்டும், "அப்போ கோயில் சீட்டுல யாரும்மா போட்டது?" என்றார், இருமினேன். இருபது வருஷமாக என் மனுஷன் கையில் சேறு காயாத காரணம் இப்போதுதான் விளங்கியது. வீடு தப்பும். ஆனால் அக்கா, நான் எழுதிய பதில்களை அவருக்கு வாசித்துக் காட்டியதும் அன்செல்மோதானே? செவ்வாயன்று அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்?