தம்ளர் வாத்தியாரும் கொண்டை ஊசி வளைவும்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது நாலு; தங்கை விட்டுப்போனவற்றையும் சேர்த்து வளர்த்தது ஏழு. அந்த ஏழும் சேர்ந்து நசுக்காத பாத்திரங்களைத் தனி ஆளாக நசுக்கியவர் எங்கள் ஊர் தலைச்சோலையின் தம்ளர் வாத்தியார். இந்தச் சேர்வராயன் மலையில் அவரைப் போல இன்னொரு வெட்டிவேலைக்காரரைக் காட்டுங்கள், என் மூக்குத்தியைக் கழற்றித் தருகிறேன்.

அறிவியல் வாத்தியாராம். கரும்பலகையை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சரிவில் பலாக்காய் உருட்டுவார். பழைய டயரை உருட்டிவிட்டு அதன் பின்னாலேயே ஓடுவார். பாடம் நடத்துகிறவர் போலவா இருக்கும்? ஆட்டைத் தொலைத்தவர் போல இருக்கும்.

ஒருநாள் என் பித்தளைத் தட்டை வாங்கி, மூன்று பக்கமும் கயிறு கட்டி, மோர்த் தம்ளரை அதில் வைத்துத் தலைக்கு மேல் கிறுகிறுவென்று சுற்றினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பெருமையில் சட்டென்று நிறுத்தினார். மோர் முழுவதும் என் தலையில்.

“சுத்தறது வந்துருச்சுங்கம்மா. நிறுத்தறதுதான் இன்னும் பிடிபடல.”

“நல்லதுங்க வாத்தியாரே. அது பிடிபடற வரைக்கும் உங்க ஊட்டு மோர்ல பழகுங்க.”

இந்த லட்சணத்தில், என் மகள் வயிற்றுப் பேத்தி செல்விக்குச் சேலத்தில் கல்லூரி கிடைத்தது. எங்கள் வீட்டில் அவள்தான் முதல். ஆனால் மலையிறங்கும் பஸ்ஸில் முதல் வளைவிலேயே அவளுக்கு வாந்தி. எலுமிச்சம்பழம் முகர்ந்தும் கேட்கவில்லை. சேரப் போனவள் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டாள்.

“எனக்குப் படிப்பே வேண்டாம் அம்மாயி. காப்பிப்பழம் பறிக்கவே போறேன்” என்று சுருண்டு படுத்தாள். மறுநாள்தான் சேருவதற்குக் கடைசி நாள். அந்த நேரத்திலா வரவேண்டும் தம்ளர்?

“பஸ்ஸு திரும்புதுங்கம்மா, உடம்பு நேராப் போகப் பாக்குது. அவ்வளவுதான் சங்கதி. நாளைக்கு நானும் வர்றேன்.”

“நீங்க வந்தா வளைவு நிமிந்துருமாக்கும்?”

வந்தார். கையில் தண்ணீர்த் தம்ளர். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் நாங்கள் மூவரும் பஸ் ஏறியதும், “ஏனுங்க சார், தம்ளருக்கும் டிக்கெட் போடட்டுங்களா?” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

வாத்தியார் செல்வியை முன்சீட்டில் உட்கார வைத்தார். “ரோட்டையே பாரு சாமி. வளைவு வர்றதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம்னு சொல்லு. தண்ணி எப்படிச் சாயுதுன்னு நான் பாத்துச் சொல்றேன்.”

“வலது!” என்றாள் செல்வி.

“தண்ணி இடப்பக்கம் ஏறுது!” என்றார், தம்ளரை விட்டுக் கண்ணெடுக்காமல்.

“இடது!”

“வலப்பக்கம் ஏறுது!”

பாதி மலையில் வாத்தியாரின் சத்தம் நின்றது. திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே தலை. தம்ளரையே குனிந்து பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறு புரண்டுவிட்டது.

“ரோட்டப் பாருங்க சார்!” என்று அதட்டி, செல்வி தன் எலுமிச்சம்பழத்தை அவர் மூக்கில் வைத்து அமுக்கினாள், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே. அடிவாரம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அவள் வாந்தி எடுக்கவே இல்லை.

“சோதனை செயிச்சிருச்சுங்கம்மா” என்று முனகினார்.

“தெரியுதுங்க. மொதல்ல சட்டையத் தொடச்சுக்குங்க.”

செல்வி இப்போது விடுதியிலிருந்து வந்து வந்து போகிறாள், வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு. வாத்தியாரும் சனிக்கிழமைதோறும் மலையிறங்குகிறார், இன்னும் தம்ளரையே பார்த்துக்கொண்டு. திருந்தாத ஜென்மம். என் மரத்து எலுமிச்சையில் மறு இல்லாத பழமாக ஒன்றை வெள்ளிக்கிழமையே அவருக்கென்று பறித்து வைத்துவிடுகிறேன். பஸ் நாறக்கூடாதே, அதற்காகத்தான்.

“எங்க கண்ணு செல்வி, நான் சொல்லச் சொல்ல எழுதுனத ஒருக்கா படி. திட்டு எங்கியும் கொறஞ்சு போகலையே?”